நீல சீரமும் பெயரில்லாத நைட் கிரீமும்

வாசகி கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, 12 மணி நேர ஷிப்ட் முழுதும் முகமூடி போட்டுத்தான், மோட்டாரில் பினாங்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். டிசம்பரில் மகள் கல்யாணம். முகச் சுருக்கத்துக்காக ஆன்லைனில் லைவ் போட்டு விற்றவரிடம் 89 வெள்ளிக்கு (ரிங்கிட்) காப்பர் பெப்டைட் சீரம் வாங்கினேன். நீல நிறத்தில் இருக்கிறது. காலையில் வைட்டமின் சி போட்டு, அதன் மேலேயே இதைப் போடுகிறேன். பத்தாவது நாளிலிருந்து கன்னம் எரிந்து சிவந்து, பொடிப்பொடியாகக் கிளம்பிவிட்டது. விற்றவர், "அது பர்ஜிங், உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, நிறுத்தாதீர்கள்" என்கிறார். என் நாத்தனார் பிறையில் ஒரு பியூட்டி சலூனில் முகத்தில் ஊசி உருளை உருட்டி, அதன்மேல் இதே மாதிரி சீரம் போட்டுக்கொள்கிறார். அங்கே இப்போது அதை ஊசியாகவே போடுகிறார்களாம், ஐந்து ஊசி 1,200 வெள்ளி. செம்பு ரத்தத்தில் கலந்துவிடுமா? கேன்சர் வருமா? கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகிற உடம்பு எனக்கு. இரண்டு வருஷமாக இரவில் போடும் நைட் கிரீம் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது, அதை இரண்டு நாள் விட்டாலே முகம் சிவந்துவிடும்.

பதில்:

சீரத்தை இன்றே நிறுத்துங்கள், வைட்டமின் சியையும்தான். மீதியை அப்புறம் ஆற அமரப் படிக்கலாம். கண் இமை, உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நான் பார்மசிஸ்ட், தோல் டாக்டர் இல்லை, உங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் முப்பது வருஷமாக மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பதில் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: ஆள் எதைக் கேட்க வந்தாரோ அதைவிட, போகிற போக்கில் கடைசியாக எதைச் சொன்னார் என்பதில்தான் காது நிற்கும். உங்கள் கடிதத்திலும் கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தப் "பர்ஜிங்" கதை. ரெட்டினாய்டு என்கிற வைட்டமின் ஏ வகைப் பொருள்கள், பழ அமிலம் மாதிரியானவை தோல் செல்கள் பிறந்து உதிரும் வேகத்தைக் கூட்டும். அதனால் உள்ளே ஏற்கனவே உருவாகிக்கொண்டிருந்த பருக்கள் ஒரேயடியாக மேலே வரலாம், அதற்குத்தான் அந்தப் பேர். பெப்டைட் அந்த வேலையைச் செய்வதில்லை. எரிச்சலும் சிவப்பும் பொடியும் சேர்ந்து வந்தால் தோல் "வேண்டாம்" என்கிறது, அவ்வளவுதான். இதில் அழுக்கு எங்கே வந்தது? நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. இப்படிச் சிவந்த இடமெல்லாம் ஆறும்போது கறுத்துப் போகும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. சுருக்கத்தை மறைக்கப் போய்க் கல்யாண போட்டோவில் கன்னத்தில் கறுப்புத் திட்டோடு நிற்க வேண்டாமே.

சரி, அந்த நீலத் தண்ணீரில் என்ன இருக்கிறது? பெப்டைட் என்றால் சில அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சரம். உங்களுடையதில் கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே மணிகள், அதன் மடியில் ஒரு செம்பு அணு. நீல நிறம் அந்தச் செம்பினுடையது. 1973-ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி மனித ரத்தத்திலேயே கண்டுபிடித்த பொருள் இது. வயது ஏற ஏற நம் ரத்தத்தில் இதன் அளவு குறைகிறது, காயம் ஆறுவதிலும் கொலாஜன் உண்டாவதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் விற்கிறவர்கள் இதை வைத்துக்கொண்டு "உடம்பிலேயே இருக்கிறது, அதனால் எப்படிப் போட்டாலும் பத்திரம்" என்று ஒரு தாவு தாவுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வழுக்குகிறது. இன்சுலினும்தான் உடம்பிலேயே இருக்கிறது. அதற்காக யாராவது கண்ட இடத்தில் வாங்கிக் குத்திக்கொள்வார்களா?

தோலின் மேலே பூசுகிற வரைக்கும் இது சாதுவான பொருள்தான். சிலருக்கு லேசான எரிச்சல், வறட்சி, அரிப்பு வரும், பெரும்பாலும் அத்தோடு சரி. தோலின் மேல்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கனம்தான் இருக்கும், ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள நல்ல காவல்காரன் அது. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு அது) மேலே எடையுள்ள மூலக்கூறுகளைச் சாதாரணமாக உள்ளே விடாது. காப்பர் பெப்டைடு ஏறக்குறைய 400 டால்டன், அளவில் தப்பித்துவிடுகிறது, ஆனால் அது தண்ணீரோடு சேருகிற ஜாதி, எண்ணெய்ச் சுவரில் சுலபமாக நுழையாது. ஆக உள்ளே போவது கொஞ்சம்தான்.

"செம்பு ரத்தத்தில் கலக்குமா" என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சீரம் ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் காப்பர் பெப்டைட், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் செம்பு, அதாவது 1.6 மில்லிகிராம். முகத்துக்கு நீங்கள் போடுவது இரண்டு மூன்று சொட்டு, பத்தில் ஒரு மில்லி இருக்குமா? அப்போது செம்பு 0.16 மில்லிகிராம், அதிலும் தோலைத் தாண்டுவது சிறு பங்கு. பெரியவர் ஒருவருக்குச் சாப்பாட்டிலிருந்தே தினம் 0.9 மில்லிகிராம் செம்பு தேவைப்படுகிறது, பருப்பும் கணவாயும் நிலக்கடலையும் அதைக் கொடுத்துவிடும். அதனால் பூசுகிற செம்பு ரத்தத்தில் நஞ்சாகச் சேரும் என்று பயப்படாதீர்கள். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு, செம்பை வெளியேற்ற முடியாத பிறவிக் கோளாறு. அது உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. கேன்சர் விஷயம்: பூசிக்கொண்டதால் வந்ததாகச் சான்று எதுவும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் இந்தப் பெப்டைட் புது ரத்தக்குழாய்கள் வளரத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள், காயம் ஆற அது நல்லது. ஏற்கனவே கட்டி வந்து சிகிச்சை எடுத்தவர் ஊசியாக ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது ஒரு முன்ஜாக்கிரதைக்காக.

அப்படியானால் உங்கள் கன்னம் ஏன் எரிகிறது? கவரிங் தோட்டைச் சொன்னீர்கள், நல்லதாயிற்று. அது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. செம்பு அலர்ஜி அபூர்வம், வருகிறவர்களில் பலருக்கு நிக்கலும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஏற்கனவே அலர்ஜி பழகிய தோல் இரண்டு மூன்று நாளிலேயே கிளம்பிவிடும், பத்து நாள் காத்திருக்காது. புதிதாக ஒரு பொருளைத் தோல் "எதிரி" என்று அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் பத்து, பதினாலு நாள் பிடிக்கும். அதனால் எனக்குச் சந்தேகம் செம்பின் மேல் அவ்வளவாக இல்லை, கூடவே பாட்டிலில் இருக்கிற வாசனைப் பொருள், கெட்டுப் போகாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து, இவற்றின் மேல்தான். சீரம், கிரீம் வகைகளில் அலர்ஜி என்றால் நாங்கள் முதலில் தேடுவதே இந்த இரண்டைத்தான். பெப்டைட் பேர் முன்னால் பெரிதாக இருக்கும், இவை பின்னால் எறும்பு எழுத்தில் இருக்கும். அப்புறம் அந்த வைட்டமின் சி. அது நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் எலுமிச்சம்பழச் சாறு மாதிரிப் புளிப்பாக இருக்க வேண்டும், அந்தப் புளிப்பில் செம்பு பெப்டைடை விட்டுக் கழன்றுகொள்ளலாம், கழன்ற செம்பு வைட்டமின் சியைக் கெடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு, மிச்சமாக எரிச்சலை உங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு மேலே 12 மணி நேரம் முகமூடி வேறு அதே கன்னத்தில் உரசுகிறது. (பாட்டில் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது கெட்டுப் போயிற்று. மோட்டார் பெட்டிக்குள் வைத்து வெயிலில் பாயான் லெப்பாஸ் வரைக்கும் போய்வந்த சீரத்தை நானே பார்த்திருக்கிறேன், சொன்னால் சிரிப்பீர்கள்.)

இப்போது நாத்தனார் விஷயம், இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். தோல் காவல்காரன் என்றேன் அல்லவா, ஊசி உருளை உருட்டுவது அந்தக் காவல்காரனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறப்பது. அரை மில்லிமீட்டர் ஊசியே மேல்படலத்தின் கனத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் ஆழம் போகும். மேலே பூசத் தயாரித்த திரவத்தில் இருக்கும் வாசனையும் பதப்படுத்தும் மருந்தும் அப்போது எதிர்ப்புச் செல்கள் குடியிருக்கிற இடத்துக்கே போய்விடுகின்றன. 2014-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். நுண்ணூசி போட்டுக்கொண்ட பிறகு அவர்கள் முகத்தில் சின்னச் சின்னக் கட்டிகளாகத் தடித்துப் போய்விட்டது, அவர்களில் இருவருக்கு நுண்ணூசியோடு சேர்த்து முகத்தில் பூசியது வைட்டமின் சி சீரம். பூசியபோது ஒன்றும் செய்யாத பொருள் குத்தி இறக்கினால் இப்படி ஆகலாம். நாத்தனாரிடம் அந்த உருளையைப் புதிதாகப் பிரிக்கிறார்களா, இல்லை "கழுவி வைத்திருக்கிறோம்" என்கிறார்களா என்றும் கேளுங்கள். ரத்தம் பட்ட ஊசி அது, மஞ்சள் காமாலைக் கிருமி சோப்புத் தண்ணீருக்குப் போகாது.

அந்த 1,200 வெள்ளி ஊசிக்கு வருவோம். நம் மலேசிய நாட்டுச் சட்டத்தில் காஸ்மெட்டிக் என்றால் உடம்பின் வெளிப்பகுதியில் போடுவது. ஊசி வழியே போகிற எதுவும் அந்தக் கணக்கில் வராது, இந்த மாதிரி ஊசி மருந்து. மருந்தென்றால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிற என்பிஆர்ஏ, அதாவது தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பதிவாகி, பெட்டியில் "எம்ஏஎல்" என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். போடுகிறவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும், அதிலும் அழகுச் சிகிச்சை செய்ய சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி சான்று வேண்டும். சலூனில் இதில் எது இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் சுற்றுகிற இந்தப் பெப்டைட் பொடிக் குப்பிகளில் பலவற்றில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்றே ஒட்டியிருக்கும், விற்கிறவர் கேள்வி வந்தால் தப்பித்துக்கொள்ளப் போட்டிருக்கும் வரி அது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-ல் காப்பர் பெப்டைடை ஊசி வழிக்கு என்று குறிப்பிட்டே, பாதுகாப்புக் கவலை உள்ள மூலப்பொருள்களின் பட்டியலில் வைத்தது. காரணம் இதுதான்: தயாரிப்பில் கலக்கிற அசுத்தங்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, மனிதர்களில் போதுமான தகவல் இல்லாமை. முகத்தில் பூசுகிற சீரத்துக்கு அந்தப் பேச்சு இல்லை. பொருள் ஒன்றுதான், போகிற வழி வேறு.

இனி அந்தக் கடைசி வரி. "இரண்டு நாள் விட்டாலே முகம் சிவந்துவிடும்." வாசகியே, ஒரு நைட் கிரீம் ஒத்துக்கொள்கிறது என்பதற்கு இது அடையாளம் இல்லை. நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து, மறுபடி போட்டதும் பாலாக அடங்கிவிடுகிறது என்றால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் ஸ்டீராய்டு. என்பிஆர்ஏ அடிக்கடி சில கிரீம்களுக்குக் கம்பெனிகள் கொடுத்த அறிவிப்பை ரத்து செய்து பட்டியல் வெளியிடும், எடுத்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப அதே பேர்கள்தான்: பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், பீட்டாமெத்தசோன் வலரேட். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டில் இரண்டு வாரத்துக்குக் கொடுப்பதை இரண்டு வருஷம் முகத்தில் போட்டால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து போகும், சிவப்பு நரம்புகள் தெரியும், வாயைச் சுற்றிப் பொடி வரும், கண்ணுக்குப் பக்கத்தில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம்கூட ஏறும். மெலிந்த அந்தத் தோலில்தான் போன மாதம் நீங்கள் புளிப்பான வைட்டமின் சியையும் வாசனை சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றியிருக்கிறீர்கள். எரியாமல் என்ன செய்யும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பாவம் இந்த நீலப் பாட்டில் அப்படித்தான் மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அந்தக் கிரீமை விற்றவர், "நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசுங்கள், தங்கத்தில் படக்கூடாது" என்று எப்போதாவது சொன்னாரா? யோசித்துப் பாருங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வெள்ளையாக்கிவிடும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. என் கவுண்டருக்கு ஓர் அம்மா தாலிச் சங்கிலியில் ஒரு பக்கம் வெளுத்துப் போயிற்று என்று நகைக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார், பாவம் அந்த மனிதருக்கும் காரணம் தெரியவில்லை. பாதரசம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, அன்றிரவே நிறுத்த வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், கை நடுக்கம் கொடுக்கும், தலையணை உறை, துண்டு, கட்டிப்பிடிக்கிற பிள்ளைகள் வரைக்கும் போகும். ஸ்டீராய்டு என்றால் நிறுத்தியதும் சில நாளிலோ ஒன்றிரண்டு வாரத்திலோ முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும், அப்போது பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த வாரங்களைத் தாண்ட டாக்டரின் துணை வேண்டும். இந்த வாரமே அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், செலவு ஒரு வெள்ளி, நைட் கிரீம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, தோல் சிறப்பு டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே தேவைப்பட்டால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை செய்வார்கள், இரண்டு நாள் ஸ்டிக்கர் முதுகிலேயே இருக்கும், வியர்க்கவும் கூடாது, குளித்து நனைக்கவும் கூடாது, அதனால் ஷிப்டில் லீவு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிக்கல் அதில் வழக்கமாகவே இருக்கும்.

கல்யாணத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, முகம் தெளிய அது தாராளம். இப்போதைக்கு வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், மென்மையான கிளென்சர், பகலில் சன்ஸ்கிரீன், இவ்வளவு போதும். சன்ஸ்கிரீனை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் தொடர்ந்து பார்த்ததில், தினமும் போட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது, 2013-ல் வெளிவந்தது. பெப்டைடுகளுக்கு இந்த அளவு நீண்ட சோதனை கிடையாது. பேர்போன ஒரு பெப்டைடுக்கு 2005-ல் வந்த ஆய்வு 93 வெள்ளைக்காரப் பெண்கள், 12 வாரம், அவ்வளவுதான். சின்னச் சுருக்கங்கள் கொஞ்சம் குறைந்தன, பொய்யில்லை, ஆனால் அதில் போட்ட அளவு பத்து லட்சத்தில் மூன்று பங்கு. இதைத் தெரிந்துகொண்டால் "எங்களுடையது ஐந்து சதவீதம்" என்று கத்துகிற லைவ் வியாபாரிக்கு மயங்க மாட்டீர்கள். தினமும் முகத்தில் வெயில் வாங்கிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடக்கிற உங்களுக்கு 89 வெள்ளியில் இரண்டு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம். ஃபேக்டரிக்கு உள்ளே போகும்போது கழுவிவிடுங்கள், வீடு திரும்பும்போது வெயில் இருந்தால் மறுபடி போடுங்கள்.

முகம் முழுதும் ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு, காப்பர் பெப்டைட் ஆசை இன்னும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். இரவில் மட்டும், வைட்டமின் சி இருந்தால் அது காலைக்கு. முதலில் முழங்கை உள்பக்கத்தில் இருபது காசு அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் போட்டுப் பாருங்கள். வாங்குமுன் பெட்டியில் "என்ஓடி" என்று தொடங்கி நடுவில் எண்களோடு "கே" என்று முடிகிற எண்ணைத் தேடி, என்பிஆர்ஏ தளத்தில் அடித்து, பேரும் கம்பெனியும் ஒத்துப் போகிறதா பாருங்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்தது என்பது இல்லை, கம்பெனி தன் பொறுப்பில் அறிவித்திருக்கிறது என்பதுதான். ஆனால் எண்ணே இல்லாத டப்பாவுக்கு யார் பொறுப்பு என்று தேட வேண்டியிருக்கும்.

நைட் கிரீம் டப்பாவைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, சீரத்தையும் சேர்த்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். பக்க விளைவுகளைப் பொதுமக்களே என்பிஆர்ஏ-க்கு எழுதித் தெரிவிக்க கான்சர்ஃப் என்று ஒரு பாரம் இருக்கிறது. மலாயில் எழுதச் சங்கடமாக இருந்தால் பக்கத்துப் பார்மசியில் கேளுங்கள், நாங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்போம்.